கருப்பு மூடி

பழைய ஃபிலிம் கேமரா என்றால் எனக்குப் பைத்தியம். மலிவாகக் கிடைத்த சின்ன ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த சேகர், வீட்டை எதிர்த்துத் திருவள்ளூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது, "ஸ்டுடியோக்காரன் எதுக்குடா? நானே எடுக்கறேன்" என்றேன்.

அந்தக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கு மேலே தனியாக ஒரு சின்னக் கண்ணாடி. அதனால் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ரோல் முழுக்க எடுத்துத் தள்ளியிருக்கிறேன். லேப்பில் கொடுத்துக் கழுவிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

"லேப்காரன் கெடுத்துட்டான்டா" என்று சேகரிடம் சொன்னேன்.

"உடு மச்சான்" என்றான்.

அவன் மனைவிதான் டீயை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "அண்ணா, முன்னாடி கருப்பா ஒரு மூடி இருந்திச்சே, அத்த கயட்டாமலே படம் புடிக்குமா?"

"இந்தக் கேமரா அப்படித்தாம்மா."

அவள் நம்பிவிட்டாள். திட்டியிருந்தால்கூட இந்நேரம் மறந்திருப்பேன்.