விரலில் நெருடாத பிசிறு

தக்காளி நறுக்கப் போனேன். நசுங்கியது. கத்தியை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். விதையெல்லாம் சுவரில் தெறித்தது. கத்தி வழுக்கிக்கொண்டு வந்து என் இடது கை நகத்தின் மேல் நின்றது. நகத்தில் ஒரு சில்லு போனது. விரல் தப்பித்தது.

பொங்கல் முடிந்த வாரம் அது. வீட்டில் இருக்கும் கத்திகள் எல்லாமே அதே லட்சணம்தான்.

"கூர் இருக்கற கத்திகூட பரவால்லங்க. மழுங்கின கத்திதான் கைய வெட்டும்" என்று ஹாலைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தேன்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் வந்தார். ஜெயராமனை இந்தப் பகுதியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும் — மிக்ஸி ரிப்பேர் செய்கிறேன் என்று உட்கார்ந்து, மூன்று ஸ்க்ரூவை மிச்சம் பிடித்தவர். ஸ்டேஷனரி கடையை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கிறார். எதைத் தொட்டாலும் ஆராய்ச்சி.

"நானே தீட்டித் தரேன். எதுல தீட்டறதுன்னு மட்டும் பார்த்துடலாம்" என்றார்.

எதில் தீட்டுவது? இதில் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சைக்கிளில் சக்கரம் கட்டிக்கொண்டு சாணை பிடிப்பவர் எங்கள் தெருவுக்கு வருவார்தான். ஆனால் வேண்டும்போது வரமாட்டார். வந்தால் தீப்பொறி பறக்கப் பாதிக் கத்தியைத் தின்றுவிடுவார். பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் சொரசொரப்பான வளையத்தில் தேய்க்கலாம் — அவசரத்துக்கு நல்ல வழி, ரெண்டு நாள் தாங்கும். இழுத்தால் கூராகும் பிளாஸ்டிக் கருவி ஒன்று ஆன்லைனில் வருகிறது. நடுவில் ஒரு பிளவு, அதில் கத்தியை விட்டு நாலு இழுப்பு. அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது.

அவருக்குப் போதவில்லை. "அது கத்திய சுரண்டும். கல்லுதான் சரி" என்றார். வாங்கியும் விட்டார். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். அதில் நம்பர் வேறு போட்டிருக்கிறது. "நம்பர் கம்மியா இருந்தா சொரசொரப்பு. ஜாஸ்தியா இருந்தா நைஸு" என்று எனக்குப் பாடம் எடுத்தார்.

சனிக்கிழமை காலை. பின்பக்க பால்கனியில் ஈரத்துணியை விரித்து, தண்ணீரில் ஊறிய கல்லை அதன்மேல் வைத்தார். கத்தியின் முதுகைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். எவ்வளவு தூக்குவது? ஒரு தீப்பெட்டியைப் படுக்க வைத்த உயரம். அந்த உயரம் மாறாமல் தேய்க்க வேண்டும்.

ஒரு பக்கம் தேயத் தேய, விளிம்பின் மறுபக்கத்தில் பொடிப் பிசிறு ஒன்று கிளம்பும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. முதுகிலிருந்து விளிம்புப் பக்கமாகக் கட்டைவிரலால் தடவினால் லேசாக நெருடும். அது நெருடினால், கத்தியைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம். சூட்சுமமே அதுதான்.

சரக்... சரக்... நான் இட்லி ஊற்றினேன். சட்னி அரைத்தேன். சரக்... சரக்... ஒரே பக்கம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னும் வரலியே" என்றார்.

போய்த் தொட்டுப் பார்த்தேன். புதிதாக வெட்டிய தகர விளிம்பு போல நெருடியது.

"இதோ இருக்குங்களே!"

"எங்க?"

"முழுக்க இருக்குது. தொட்டுப் பாருங்க."

தொட்டார். கட்டைவிரல். அப்புறம் ஆள்காட்டி விரல். அப்புறம் நடுவிரல். தலையை ஆட்டினார். "ஒண்ணும் தெரியல. சும்மா சொல்றியா?"

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கல்லைப் பார்த்தேன். கல்மேல் இருந்த சாம்பல் நிறச் சேறு சிவப்பாகிக்கொண்டிருந்தது.

"ரத்தம்ங்க" என்றேன்.

"யாருக்கு?" என்றார்.

அந்தக் கேள்வியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இரண்டு விரல்கள் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தன. துணியைச் சுற்றும்போது "வலிக்குதா?" என்று கேட்டேன். "ச்சே, இல்ல" என்றார் வீராப்பாக. பிறகு அவரே விரலை அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். முகம் மாறியது. "குளிரு... அதான் மரத்துப் போயிருக்குதுன்னு நெனச்சேன்" என்றார். அப்படியென்றால் கொஞ்ச நாளாகவே இருந்திருக்கிறது. அவர் சட்டையை விட்டுவிட்டு டீ-ஷர்ட்டுக்கு மாறியது பட்டன் போட முடியாமல்தானா?

சர்க்கரை வியாதி அவருக்குப் பல வருஷமாக உண்டு. மாத்திரை தவறாது. காபியில் சீனி கிடையாது. அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் இருந்தோம்.

செங்கம் ரோட்டில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் இளம்பெண். தையல் போட்டார், ஊசி போட்டார். அப்புறம், "செருப்பக் கழட்டிட்டு மேல படுங்க" என்றார்.

"காயம் கைல டாக்டர்."

"தெரியும்ங்க. கண்ண மூடிக்குங்க. கால்ல தொடுவேன். தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்க."

கையில் மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. அதன் நுனியால் அவர் பாதத்தில் ஒவ்வோர் இடமாக வளையும்வரை அழுத்தினார். பெருவிரல், சுண்டுவிரல், நடுப்பாதம், குதிகால். பிறகு அடுத்த கால்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகப் படுத்திருந்தார். டாக்டர் இழையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆரம்பிங்க டாக்டர்" என்றார் இவர்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கை விரல் வரைக்கும் மரத்திருக்குன்னா, கால் எப்பவோ மரத்திருக்கும்மா. கால்லதான் முதல்ல வரும்" என்று டாக்டர் என்னிடம் சொல்லிக்கொண்டே அவருடைய வலது பாதத்தைத் தூக்கி லைட்டில் காட்டினார். பெருவிரலுக்கு அடியில் காய்ப்பு மாதிரி இருந்தது. அதன் நடுவில் கருப்பாக ஒரு துளை. இடுக்கியை விட்டு எடுத்தபோது ஒரு ஜல்லிச் சில்லு வந்தது. பின்னாலேயே சீழ்.

"மலை சுத்துவீங்களா?"

"மாசா மாசம் பௌர்ணமிக்கு."

"வெறும் கால்லயா?"

"பின்ன?" என்றார்.

மார்கழிப் பௌர்ணமிக்கும் போயிருந்தார். சுற்றி முடித்து வீட்டுக்கு வந்தவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "இந்த வாட்டி கால் வலிக்கவே இல்ல தெரியுமா? அண்ணாமலையாரே தூக்கிட்டுப் போன மாதிரி இருந்துச்சு" என்றார். நான் விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டு, வெந்நீர் போடப் போனேன்.

கல்லோடுதான் நடந்திருக்கிறார். கல்லோடுதான் தூங்கி எழுந்திருக்கிறார்.

வேலூருக்கு அனுப்பினார்கள். எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார்கள். மருந்து ஏற்றிப் பார்த்தார்கள், கேட்கவில்லை. கால் பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த அன்றைக்கு அவர் அழவில்லை. திரும்பி வரும் வழியில், ஊர் நெருங்கியபோது தூரத்தில் மலை தெரிந்தது. காரில் போகும்போது எப்போதும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அன்று கையைத் தூக்கினார்... அப்படியே மடியில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

மாசிப் பௌர்ணமி சாயங்காலம். எங்கள் தெரு வழியாகவே கூட்டம் கூட்டமாகப் போனார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு, பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. அவர் டிவி சத்தத்தை ஏற்றி வைத்தார்.

"புண்ணு ஆறினதும் செருப்புப் போட்டுட்டுப் போலாம்னு டாக்டர் சொன்னாங்களே" என்றேன்.

"செருப்பு போட்டுட்டா?" என்றார். ஆறிய பிறகும் அவர் போவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாழ்க்கை என்னவானால் என்ன, சமையலுக்குக் காய் நறுக்கித்தானே ஆக வேண்டும்? கல்லை எடுத்து நானே உட்கார்ந்தேன். இந்த வாரக் குறிப்பு கேட்பவர்களுக்கு: கல்லையே வாங்குங்கள், அது நல்ல பொருள். பொறுமை இல்லை என்றால் அந்த இழுக்கும் கருவி போதும், பாவமில்லை. ஆனால் கூர் வந்ததா என்று விரலால் பார்க்காதீர்கள். விளிம்பை லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும், கூரான இடம் மின்னாது. இல்லையென்றால் பழைய பேப்பரை வெட்டிப் பாருங்கள்.

அவருக்காகத்தான் இதையெல்லாம் தேடிக் கண்டுபிடித்தேன். "கண்ணாலயே பார்த்துத் தீட்டலாம்ங்க, நீங்களே பண்ணுங்க" என்று கல்லை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். ஆனால் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். "ரொம்பத் தூக்காத. இன்னும் கொஞ்சம் எறக்கு" என்பார்.

போன வாரம், "பிசிறு வந்துடுச்சா பாரு" என்றார்.

"வந்துடுச்சுங்க."

நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டார்.

"எப்படி இருக்குது? சொல்லேன்" என்றார்.

சொல்ல முயற்சி செய்தேன். தகரம் மாதிரி என்றேன். மீன் செதில் மாதிரி என்றேன். வாரா வாரம் உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறவள்தான் நான். ஒரு நெருடலை அவருக்குச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. "ம்... சரி" என்று அவரே என்னை விட்டுவிட்டார்.

இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் டார்ச் அடித்து அவர் பாதங்களைப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. அவர் கூசிக்கொண்டு காலை இழுத்துக்கொள்ள மாட்டாரா என்று ஒவ்வொரு நாளும் இருக்கும். இழுத்துக்கொள்வதில்லை.

உங்கள் வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் இருக்கிறாரா? கத்தியை அப்புறம் தீட்டிக்கொள்ளலாம். முதலில் அவர் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.