கரிமூட்டை அறையும் ஒற்றைக்கல் மூக்குத்தியும்

முதல் சம்பந்தம் ஏன் முறிந்தது என்று கேட்க வந்துவிட்டீர்களாக்கும், உங்கள் வீட்டில் உலை கொதிக்கவில்லையா? சரி, கேட்டுத் தொலையுங்கள்.

தும்மினாலும் கறுப்பு, துப்பினாலும் கறுப்பு. மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் அடுப்படிக்குப் பின்னால் கரிமூட்டை அடுக்கிய அறை அப்படி. நான் பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி அதில்தான் என்னைக் குடிவைத்தார்கள். கம்பி போட்ட சன்னலில் ஒரு சாண் வானம் தெரியும். சுதந்திரம் வந்து ஊரே ‘மெர்டேக்கா’ என்று கத்திக்கொண்டு போனதை நான் காதால்தான் பார்த்தேன்.

அப்போது புக்கிட் ரம்பாயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்தவர், என் அப்பாவுக்குத் தம்பி மாதிரி வயது. அவருடைய அம்மா வந்து என் மூக்கில் வைர மூக்குத்தியைப் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் எங்கள் ஆட்களிடம் மறுப்பே கிடையாது. நான் அழுதேன். “மூட்டையில சாஞ்சி அழாதடி, மூஞ்சி கறுத்துடும்” என்றார் அம்மா.

பக்கத்து வீட்டு ஜானகி மலாக்கா செட்டிப் பெண். தமிழ் வராது, மலாய்தான். பள்ளியில் படித்ததைச் சன்னலில் நின்று எனக்குச் சொல்வாள். அன்று பென்சிலை நீட்டி, “அராங், பென்சில், இந்தான், செமுவா சாமா” என்றாள். கரியும் பென்சில் முனையும் வைரமும் ஒரே பொருளாம், உள்ளே அடுக்கியிருக்கும் விதம்தான் வேறாம். பென்சிலில் தட்டுத்தட்டாக வழுக்குமாம்; வைரத்தில் நாலாபக்கமும் கோத்துப் பிடித்திருக்குமாம். பாவம், அதுவும் என்னைப் போல அசைய முடியாமல் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் அவள் சொன்னதுதான் விசேஷம்: கரியைப் போலவே வைரமும் தீயில் வெந்துபோகுமாம்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வந்து, நகைக்கடைத் தெருவான ஜாலான் பெண்டஹாரா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு கல் கிடைக்காது என்று அளந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டே கேட்டேன்:

“அசல் வைரம்னா நெருப்புல போட்டாலும் ஒன்னும் ஆகாதாமே அத்தை?”

“ஆகாது.”

“இல்ல, கண்ணாடியா இருக்குமோன்னு வீட்டுல பேசிக்கிட்டாங்க.”

அந்த அம்மாளுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. தங்கம் நெளியுமே என்று அம்மா தடுத்ததைக்கூடக் கேட்காமல், மூக்குத்தியைக் கரிநெருப்புக்குள் வைத்து, ஊதுகுழலை எடுத்து ஊதோ ஊதென்று ஊதினார். இடுக்கியால் எடுத்தபோது கல் வெந்த மீன் கண்ணைப் போல வெளுத்திருந்தது. அசலைத் தீய்த்துவிட்டு, போலி என்று நம்பி, வைத்த காப்பியைத் தொடாமல் போய்விட்டார்.

சம்பந்தம் போனது, என் கதவு திறக்கவில்லை. இப்போது அந்த அறையும் இல்லை, கரியடுப்பும் இல்லை. அன்றோ, அக்கம்பக்கத்துப் பெண்கள் சன்னலுக்கு வந்து, என்னடி நடந்தது என்று குடைந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னேன்:

“வைரமே அந்தம்மா கையில வெந்துபோச்சிக்கா. நான் எம்மாத்திரம்?”