இன்ஜினைக் கிடத்திய பக்கம்

ராணிப்பேட்டையிலிருந்து சென்னைக்கு வேனில் தோல் ஏற்றிப் போகிறவன் நான். பழவேற்காட்டில் மீன்பிடிக்கும் அக்கா வீட்டுக்காரர், படகின் டூ ஸ்ட்ரோக் இன்ஜினை மாற்றினார். புது ஃபோர் ஸ்ட்ரோக்கை நான்தான் கடையிலிருந்து எடுத்து, தோல் கட்டுகளுக்கு நடுவே தோன்றியபடி கிடத்திக் கொண்டுபோனேன். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றும் பழையதை எப்படிக் கிடத்தினாலும் ஒன்றும் ஆகாது.

படகில் மாட்டியதும் புது இன்ஜின் புகையைக் கக்கி நின்றது. கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"இன்னாம்மா, டப்பா இன்ஜினைத் தலையில கட்டிட்டீங்களா? நீங்கல்லாம் மனுசங்களா?"

போனை எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள். "எந்தப் பக்கமா படுக்க வெச்சீங்கண்ணா? தப்பான பக்கம்னா ஆயில் உள்ள இறங்கிடும். ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோம், பாருங்க."

ஸ்டிக்கர் இருந்தது. அது காட்டியதற்கு நேர் எதிர்ப்பக்கம் கிடத்தியிருந்தேன்.

"இன்னா சொல்றாங்க மச்சான்?" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

"அவங்க தப்புதான் மாமா" என்றேன்.

அப்போது போனை நான் வைத்திருக்கவில்லை. நான் சொன்னது அந்தப் பெண்ணின் காதில் விழுந்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.