தகப்பன் பெயருக்கு விழுந்த பூ

நம் அம்மன் கோயில் மலரைப் படிக்கும் பிள்ளைகளே, நான் மோகனூரில் கரும்பு போடுகிறவன். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. தப்பும் தவறுமாக இருந்தாலும் இதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

போன வருடம் மாசி மாதம் என் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. என் மகள் கலைச்செல்வி விவாகரத்தாகி எங்களோடு வந்திருந்தாள். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ முடியாதபோது கோர்ட்டில் பிரித்து விடுவார்கள், அதுதான் விவாகரத்து. யாரையும் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை.

அவள் நர்ஸ் படித்தவள். அரசு வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். படித்த சான்றிதழெல்லாம் என் பெயரோடு இருந்தது. ஆதாரிலும் பேங்கிலும் கணவர் பெயரோடு இருந்தது. பழைய பெயருக்கே திரும்பிவிட்டாள் என்று அரசிதழில் வந்தால்தான் வேலை. எழுதிப் போட்டோம். தீர்ப்பு நகலில் முத்திரை இல்லையென்று திரும்பி வந்தது. முத்திரை வாங்கி மறுபடி அனுப்பினோம். பதிலே இல்லை. சான்றிதழ் சரிபார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. யாராவது பெயர் கேட்டால்கூட என் மகள் வாய் திறக்கத் தயங்குவாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

எங்கள் பங்காளி பெரியசாமி வீட்டுக்கு வந்து, "பேரை மாத்துனா தலையெழுத்து மாறிருமாக்கும்?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கட்டிக் கொடுத்த பெண்ணுக்குக் கணவன் வீட்டுக் குலசாமிதான் சாமி என்பது நம் வழக்கம். பிறந்த வீட்டுச் சாமிக்கு அவள் விருந்தாளி மாதிரி. அந்த வழக்கப்படியே பள்ளிபாளையம் பக்கத்தில் இருக்கும் அவர்கள் குலசாமியிடம் பூ கேட்கப் போனோம். சிலையின் தலையில் பூ வைத்து வேண்டிக்கொள்வோம். வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. உச்சி வெயில் வரை நின்றோம். பூ அசையவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் மெதுவாகக் கேட்டாள். "அப்பா, அந்தச் சாமிகிட்ட எனக்கு என்ன பேசறதுன்னே தெரியலீங்கப்பா. நான் இப்ப எந்தச் சாமிக்குப் பொண்ணுங்க?"



அடுத்த வெள்ளிக்கிழமை, அவள் பிறந்த வீட்டுச் சாமியான நம் அம்மனிடம் கூட்டி வந்தேன். அவள் உள்ளே வராமல் வெளியே நட்டிருக்கும் வேலுக்குப் பக்கத்திலேயே நின்றாள். பூசாரி பூவைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க, பூ யாரு பேருக்குங்க?"

பழக்கத்தில் மாப்பிள்ளையாக இருந்தவரின் பெயர் என் நாக்கு வரை வந்துவிட்டது. நான் சொல்வதற்குள் அவள் படியேறி வந்தாள்.

"பழனிச்சாமி மக கலைச்செல்விங்க. இந்தக் கோயில் பொண்ணுங்க."

பூசாரி பூவை வைத்தார். கையை முழுக்க எடுக்கக்கூட இல்லை, அதற்குள் பூ வலப்பக்கமாக நழுவி அம்மன் காலடியில் விழுந்தது. காற்று இல்லை. விளக்குச் சுடர்கூட ஆடவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது. பூசாரி விழுந்த பூவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு, "ஆத்தா காத்துக்கிட்டே இருந்திருக்கறா சாமி" என்றார். என் மகள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். விவாகரத்தான பிறகு அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

சரிபார்ப்புக்கு முந்தின நாள் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் வரப்பில் ஓடி வந்தாள். "வந்துருச்சுங்கப்பா" என்று செல்போனை நீட்டினாள். அரசிதழில் அவள் பெயர். பக்கத்தில் என் பெயர். ஈரக் கையோடு வாங்கப் பயந்து, அவளையே படிக்கச் சொன்னேன். படித்தாள். இன்னொரு தடவை படி கண்ணு என்றேன்.

மறுநாள் சேலத்தில் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாராம். அவ்வளவுதான். எங்களுக்கு மலை இறங்கினது போல இருந்தது. இப்போது அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். யார் பெயர் கேட்டாலும் நிமிர்ந்து சொல்கிறாள்.

இந்த வருடம் நம் கோயில் பொங்கலுக்கு அவள் பானையும் நம் பங்காளிகள் வரிசையில்தான் பொங்கியது. பெரியசாமியே விறகு கொண்டு வந்தார். "அம்மணி, இந்தப் பக்கம் வையி, காத்தடிக்காது" என்றார்.

பிள்ளைகளே, முக்கியமாகப் பெண் பிள்ளைகளே, கஷ்டம் வந்தால் தூரத்தில் நிற்காதீர்கள். படியேறிப் போய் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். யார் உங்களை என்ன பெயரில் கூப்பிட்டாலும் நம் ஆத்தாளுக்கு உங்களைத் தெரியும். நான் கண்ணால் பார்த்தேன்.