மழைக்குக் கை தூக்கியவன்

அந்தமானில் வருஷத்துக்கு எட்டு மாதம் மழை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, "அப்ப நான் போறேன்" என்று தானாகவே கை தூக்கிய கைதி ஒருவனை எனக்குத் தெரியும். சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் பிறந்தவன் எவனாக இருந்தாலும் தூக்கியிருப்பான்.

அவன் பெயர் அருஞ்சுனை. திருச்சுழிக்கு மேற்கே எங்கள் கரிசல் ஊர். நான் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், யாக்கோபு. ஊருக்கே காயிதம் எழுதுவதும் படிப்பதும் நான்தான். அடுத்தவன் காயிதத்தைப் படித்துப் படித்து, எதையும் தோண்டித் துருவிக் கேட்கிற புத்தி எனக்கு ஒட்டிக்கொண்டது. "ஒங்க வாய்ல நாக்கு இல்ல, கொக்கிதான் இருக்கு" என்பாள் என் மனைவி சூசையம்மாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அருஞ்சுனைக்கும் அவன் பங்காளி செல்லப்பாண்டிக்கும் ஒரே கிணறு. ஒருநாள் இவன் மாடு பூட்டிக் கமலை கட்டி இறைத்தால் மறுநாள் அவன். 1933 கோடையில் கிணற்றில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. செல்லப்பாண்டியின் முறை முடிந்தும் அவன் மிளகாய்த் தோட்டத்தில் ஒரு மூலை நனையவில்லை. இன்னும் ரெண்டு நாழிகை இறைத்துக்கொள்கிறேன் என்று கேட்டான். முடியாது என்றான் அருஞ்சுனை. வார்த்தை தடித்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா? மண்வெட்டியால் ஒரே அடி. செல்லப்பாண்டி கிணற்று மேட்டிலேயே விழுந்து செத்தான். அருஞ்சுனை யாரும் பிடிக்க வருமுன்னே தானாக நடந்துபோய் திருச்சுழி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்துகொண்டான்.

மறுவருஷம் மதுரைக் கோர்ட்டில் ஆயுள் தண்டனை என்றார்கள். பழைய ஆட்கள் அதைத் தீவாந்தரம் என்பார்கள். ஆனால் அந்தக் காலத்தில் எல்லாரையும் கப்பலேற்றுவது நின்றுபோயிருந்தது. விருப்பப்பட்ட கைதியைத்தான் கூட்டிப் போவார்கள். ஜெயிலில் வரிசையாக நிற்கவைத்து, அந்தமானுக்கு வருகிறவர் யார் என்று கேட்டபோதுதான் நம் ஆள் கையைத் தூக்கினான்.

அவன் ஆத்தாளுக்கு வருஷத்துக்கு ஒரு கார்டு வரும். "இங்கே மழை" என்று மட்டும் எழுதியிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடல் தாண்டிப் போனவன் எழுதுகிற லட்சணமா இது? நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் தீவைப் பிடித்தான், கார்டு நின்றது. மறுவருஷம் ஆத்தாளும் போய்ச் சேர்ந்தாள். அருஞ்சுனையும் செத்திருப்பான் என்றே ஊர் முடிவு கட்டியது.

இதிலே ஒரு அநியாயம் உண்டு. எங்கள் ஊரில் ஒரு கட்டு: ரத்தம் விழுந்த கிணற்றில் யாரும் இறைக்கக் கூடாது. விழவைத்தவனே வந்து, பறிகொடுத்த வீட்டார் கையில் கமலைக் கயிறான வடத்தைக் கொடுக்க வேண்டும். அவர்கள் வாங்கிக்கொண்டால் கிணறு திறக்கும், அவனும் ஊரில் இருக்கலாம். வாங்காவிட்டால் அவன் ஊரைவிட்டே போய்விட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொன்றவன் கடலுக்கு அப்பால் இருந்தால்? செல்லப்பாண்டியின் பெண்டாட்டி பிச்சையம்மாள் பதின்மூன்று வருஷமாக, தண்ணீர் கிடக்கிற கிணற்றைப் பார்த்துக்கொண்டே கூலிக்குப் பருத்தி எடுத்தாள். சர்க்கார் தண்டித்தது அவனை, ஊர் தண்டித்தது இவளை! இதை நான் ஊர்ப் பெரியவர் ராமசுப்புவிடம் சொன்னதற்கு, "வாத்தியாரே, நீரு பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் குடும்" என்றார்.

நாற்பத்தாறில் அருஞ்சுனை வந்து நின்றான். அருப்புக்கோட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தே வந்திருந்தான். சண்டை முடிந்ததும் அந்தமான் கைதிக் குடியேற்றத்தையே கலைத்துவிட்டார்களாம். விரும்பியவர்கள் அங்கேயே இருக்கலாம், மற்றவர்கள் ஊருக்குப் போகலாம்.

பள்ளிக்கூடத்து வேம்படியில் ஊரே கூடிவிட்டது. நான் முன்வரிசை, சொல்லவா வேண்டும்?

"ஏப்பா, செக்குல மாட்டுக்குப் பதிலா மனுசனைக் கட்டி ஆட்டுவாகளாமே?" என்று கேட்டேன்.

"அது எங்களுக்கு முந்துன ஆளுகளுக்கு, வாத்தியாரையா. நான் காட்டுல மரம் வெட்டுனேன்."

"மழை நெசமாவே எட்டு மாசமா?"

"ஆமா."

"மழையில நின்னு மரம் வெட்டுறது தண்டனையாப்பா?" என்றார் ராமசுப்பு. "அப்ப இந்த வெயில்ல பருத்தி எடுக்குற நாங்கள்லாம் யாரு?"

கூட்டம் சிரித்தது. அருஞ்சுனை சிரிக்கவில்லை. காலை நீட்டிக் காட்டினான். விரலிடுக்கெல்லாம் அரித்துத் தின்று, தோல் வெள்ளை வெள்ளையாக இருந்தது.

"மொத மழைக்கு ஆடுனேன்யா. மூணாம் மாசம் வெயில் கேட்டு அழுதேன். துணி காயாது, பாய் காயாது. ராவெல்லாம் காய்ச்சல்ல நடுங்கிக் கெடப்போம்."

"ஜப்பான்காரன் காலத்துல?"

"அதைக் கேக்காதீக."

நான் விடுவேனா? மறுபடியும் கேட்டேன். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேச்சை மாற்ற, "அங்கயே நெலம் குடுப்பாகளாமே, இருந்திருக்கலாம்ல? ஏன் வந்த?" என்றேன்.

"வடம் குடுக்கணும்ல" என்றான்.

மறுநாள் காலையில் எல்லாரும் கிணற்று மேட்டில் நின்றோம். அருஞ்சுனை புது வடத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான். பிச்சையம்மாள் எதிரே வந்தாள். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் அப்படியே திரும்பி நடக்க வேண்டியதுதான். போக அவனுக்கு ஓர் இடமில்லை.

அவள் வடத்தைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள்.

"அங்க மழை பெஞ்சுச்சாமே?"

"பெஞ்சுச்சு மதினி."

"பன்னெண்டு வருசமுமா?"

"ஆமா மதினி."

"அவரு ஒன்கிட்ட கேட்டது ரெண்டு நாழிகைத் தண்ணி."

அருஞ்சுனை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். வடம் மட்டும் கையைவிட்டு இறங்கவில்லை. அழுகிறான் என்பது முதுகு குலுங்கியதில்தான் தெரிந்தது.

பிச்சையம்மாள் குனிந்து வடத்தை வாங்கினாள். கூட்டம் மூச்சுவிட்டது. ஆனால் அவள் அதை உடனே அவன் தோளில் போட்டாள்.

"எந்திரி. எனக்கு எறைக்க ஆளில்லை. எம் முறைக்கும் நீதான் எறைக்கணும். ஒம் முறை அன்னிக்கு, மொத ரெண்டு நாழிகை எந் தோட்டத்துக்கு."

"எத்தனை நாளைக்கு?" என்று ராமசுப்பு கேட்டார். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும், அதற்கும் ஒரு கணக்கு வேண்டாமா என்று நினைத்தார் போலும்.

"அவன் கேக்கல. நீங்க ஏன் கேக்குறீக?" என்றாள்.

அவன் கேட்கவே இல்லை. சர்க்கார் தண்டனைக்கு ஒரு முடிவு இருந்தது, அதற்கு ஒரு காயிதமும் கொடுத்திருந்தார்கள். இதற்கு ஒன்றும் கிடையாது. அவன் முறை வருகிற நாளெல்லாம் அவள் தோட்டம் நனைந்த பிறகுதான் அவன் நிலத்துக்குத் தண்ணீர் திரும்பியது. ஒருநாள்கூடத் தவறவில்லை. அன்று நனையாமல் போன அந்த மூலையில் மிளகாய் காய்த்தது. அவர்கள் இருவரும் பேசி நான் கேட்டதில்லை, அருகில் போய்க் காதை நீட்டியும்கூட.

மறுவருஷம் ஐப்பசியில், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துவைத்ததுபோல ஒரு மழை. கிணறு நிரம்பி, தோட்டத்தில் கணுக்கால் தண்ணீர். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு ஓடிவந்தவன் பார்க்கிறேன், அருஞ்சுனை மாட்டைப் பூட்டிக்கொண்டு கமலையடியில் நிற்கிறான்! அன்றைக்கு அவன் முறையாம், இறைக்க வந்திருக்கிறான்! பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். அந்தமான் காய்ச்சல் திரும்பி வந்ததுபோலத் தாடை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

பிச்சையம்மாள் வீட்டிலிருந்து ஒரு சாக்கை, மழைக்குப் போட்டுக்கொள்ளும் கொங்காணியாக மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். அதை அவன் தலையில் கவிழ்த்தாள்.

"நனைஞ்சது போதும்ல. வீட்டுக்கு வா, கஞ்சி ஆறுது" என்றாள்.