பர்வீனின் மூக்கு

போன வாரம் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மீட்டிங். எனக்கு அங்கே வேலையே இல்லை. என் காலேஜ் நண்பனின் தங்கை பர்வீன், முடிந்ததும் சேர்ந்து சாப்பிடப் போகலாம் என்று பிடித்து உட்கார வைத்துவிட்டாள். பார்த்த பிரமிப்பு இன்னும் போகவில்லை.

பர்வீன் சுக்கு ஏற்றுமதி செய்கிறாள். அவளுடைய அத்தா தொடங்கிய கம்பெனி. இந்த மழைக்காலத்தில் இரண்டு முறை சரக்கு பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கன்சல்டன்ட்டை வரவழைத்தாள். நம் முதலாளிகள் கன்சல்டன்ட்டை எதற்குக் கூப்பிடுவார்கள்? தாங்கள் எப்போதோ எடுத்த முடிவுக்குக் கோட்டு போட்ட ஒருவர் தலையாட்ட வேண்டும்... அதற்குத்தானே? பர்வீன் அப்படியில்லை. குடோன் ஆட்களைக் கூப்பிட்டு, அவரிடம் எதையும் மறைக்கக்கூடாது, தன்மேல் குறை இருந்தாலும் சொல்லலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டாளாம். கோபப்பட மாட்டேன் என்று சத்தியம் வேறு!

மீட்டிங்குக்கு வருவோம். கன்சல்டன்ட் செந்தில் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மேடம், காயப் போடறதுல தப்பில்லீங்க. நீங்க வந்து மோந்து பார்க்கற வரைக்கும் மூட்டையெல்லாம் வாய் திறந்தே கெடக்குதுங்க. மழைக்காத்து உள்ள போயிடுது."

முதலாளி மோந்து பார்க்காமல் அந்தக் குடோனிலிருந்து ஒரு மூட்டை வெளியே போகாது – அத்தா காலத்து வழக்கம். அத்தா எந்நேரமும் குடோனிலேயே இருந்தவர். பர்வீனுக்கோ பேங்க், கஸ்டம்ஸ் என்று பாதி நாள் எர்ணாகுளத்தில் போய்விடுகிறது. பஜாரே மெச்சும் மூக்கு அவளுக்கு. அதற்காகக் காத்திருந்துதான் சரக்கு கெட்டிருக்கிறது.

நானாக இருந்தால் ரிப்போர்ட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் காயலில் எறிந்திருப்பேன். பர்வீன் குடோன் மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"ஜோஸ் சேட்டா, இனி நீங்க பார்த்தா மதி, அது போதும். எனக்காக ஒரு சாக்கையும் திறந்து வைக்க வேண்டாம்."

அசந்துபோனேன். பெரிய பெரிய கம்பெனிக்காரர்களைப் பேட்டி கண்டிருக்கிறேன்... இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லை. சாப்பிடும்போது, மனசு கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன்.

"நோவாம இருக்குமாண்ணா? நோவுற இடத்தைக் காட்டத்தானே அவரைக் கூப்பிட்டது."

நேற்று மறுபடி அந்தப் பக்கம் போனேன். கடைசி வாய்ப்பான அந்த லோடு லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. பர்வீன் குடோனுக்கு எதிர்ப்புறச் சாயாக் கடையில் இருந்தாள். எழுந்தாள்... உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்... உட்கார்ந்தாள். லாரி கிளம்பும்வரை ரோட்டைத் தாண்டவே இல்லை.

யோசனை கேட்க யாராலும் முடியும். கேட்ட பிறகு உட்கார்ந்திருக்க ஒரு பர்வீன் வேண்டும்!