பிலோமினா சொன்ன ஒரே பொய்

செய்தி வந்தபோது நான் வந்த பஸ் காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. பள்ளியிலிருந்து மும்தாஜ் டீச்சர் பேசினார். "சித்ரா, நம்ம பிலோமினா போயிட்டாங்கப்பா. காலைல நெஞ்சு வலின்னாங்களாம், ஆஸ்பத்திரி வாசல்கூடப் போய்ச் சேரல." எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். முந்தின நாள்தான் ஸ்டாஃப் ரூமில் என்னோடு ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டு, "மிச்சத்தை நாளைக்கு வச்சுக்கலாம்" என்று போனார். இப்படியா ஒரு மனுஷி பாதியில் விட்டுவிட்டுப் போவது?

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நான் ஆசை ஆசையாக எடுத்த புடவையைப் பார்த்து, "ஏன் சித்ரா, கடையில கண்ணாடி இல்லியா?" என்று கேட்டவர். தலைமையாசிரியை கூட்டத்தில் நாங்கள் எல்லாரும் பூம்பூம் மாடாகத் தலையாட்டிக்கொண்டிருக்க, "இது நடக்காது மேடம். உங்களுக்கே தெரியும்" என்றவர். அவர் பாடம் எடுக்கும் கம்ப்யூட்டர் லேபில் ஒரு மெஷின் படுத்துக்கொண்டால் பிள்ளைகள், "மிஸ், நான் ஒண்ணுமே பண்ணல" என்று ஆரம்பிப்பார்கள். "உன்னைப் பத்தி எவ கேட்டா? நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடல. நடுவுல என்ன மாறுச்சு, அதைச் சொல்லு" என்பார். திட்டுகிறாரா, பாடம் எடுக்கிறாரா என்று தெரியாமல் பிள்ளைகள் விழிப்பார்கள்.

அப்படிப்பட்டவர் பொய் சொல்லி நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அது ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் நடந்தது.

என் மாமனார் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்போது அவருக்கு மறதி எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் கேஸை மூடாமல் விட்டார். ஒரு நாள் வாசல் கதவை விரியத் திறந்துபோட்டுவிட்டுக் காய் வாங்கப் போய்விட்டார். என் கணவரும் அவர் அண்ணனும் ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் பேசிவிட்டே வந்திருந்தார்கள். "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா யோசிக்கவே வேணாம்" என்று மாமனார் காதுபடவே பேச்சு நடந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு வீட்டுச் சாமான்களையெல்லாம் மாமனார்தான் துடைத்தார். லேத் மெஷினைத் துடைத்துப் பழகிய கை. என் கணவரின் பழைய லேப்டாப்பையும் விடவில்லை. இண்டு இடுக்கெல்லாம் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, சுற்றிலும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜையில் அடுக்கினார். மறுநாள் எடுத்துத் திறந்தால் அதில் வீட்டு வைஃபையே தெரியவில்லை. எல்லார் போனிலும் தெரிகிறது, அதில் மட்டும் இல்லை. ரூட்டரை அணைத்துப் போட்டோம், லேப்டாப்பை அணைத்துப் போட்டோம். ம்ஹூம்.

"அப்பா, எதைப்பா போட்டு அமுக்கினீங்க?" என்று என் கணவர் கத்தினார்.

"துடைச்சேன்டா. அவ்ளோதான்" என்றார் மாமனார். அதற்குப் பிறகு அவர் சாப்பிட வரவில்லை. லேப்டாப் போனால் போகிறது, இதையே சாக்காக வைத்து மனிதரைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்களே!

பிலோமினாவுக்குப் போன் போட்டேன். கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். "காபி அப்புறம். மெஷின் எங்க?" வைஃபை பட்டியலைத் திறந்து பார்த்தார். "ரெண்டு பக்கமும் சுவரை ஒட்டி வீடு இருக்கு. பக்கத்து வீட்டுது ஒண்ணுகூடத் தெரியலையே" என்றார். தன் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு லேப்டாப்பை ஒட்டி வைத்தார். அதுவும் தெரியவில்லை. "அப்ப ரூட்டர் மேல தப்பில்ல. இதுக்குத்தான் கண்ணு மூடியிருக்கு."

லேப்டாப்பின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்றார். அந்தக் கால லேப்டாப்புகள் சிலவற்றில் வைஃபைக்கென்று நகர்த்துகிற சின்ன ஸ்விட்ச் ஒன்று உண்டு. துடைத்த வேகத்தில் அது அணைகிற பக்கம் நகர்ந்து, மேலே சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. எதிரில் நின்ற என் கணவருக்குத் தெரியவில்லை.

பிலோமினா நிமிர்ந்து, அறை வாசலில் நின்ற மாமனாரை ஒரு தரம் பார்த்தார். பிறகு நகத்தால் சந்தனத்தைச் சுரண்டி ஸ்விட்சைத் தள்ளிவிட்டு, சம்பந்தமே இல்லாமல் நாலைந்து பட்டன்களைத் தட்டினார். "அப்டேட் ஆகும்போது ஏதோ சிக்கிக்கிச்சு சார். பழைய மெஷின்ல இது சகஜம். யாரும் எதுவும் பண்ணல" என்றார். வைஃபை வந்தது. என் கணவர் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, "சாப்பிட வாங்கப்பா" என்றார்.

வாசலில் நான் கேட்டேன். "என்னங்க, நீங்க போய் இப்படி..."

"என்ன மாறுச்சுன்னு கண்டுபிடிச்சேன், சரி பண்ணேன். எந்தக் கை மாத்துச்சுன்னு சொல்லி என்ன ஆகப்போகுது? மனுஷர் பயந்துபோய் இனிமே எதையுமே தொடாம உக்காந்துட்டார்னா, அதை யாரு வந்து சரி பண்றது?" வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னார்: "பொய்யைச் சர்ச்சுல பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிறேன். அது எனக்கும் ஃபாதருக்கும். நீங்க உள்ள போங்க."

அவர் செய்தது சரிதானா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கேஸை மூடாமல் விட்ட விஷயமாக இருந்திருந்தால் அவர் மூடி மறைத்திருக்க மாட்டார், முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார். இதைச் சொன்னால் உடைவது லேப்டாப் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முதியோர் இல்லப் பேச்சு அப்போது தள்ளிப்போனது, இன்றுவரை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

பிலோமினாவை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரத்தில் ஒரு நாள், மாடித் தொட்டி நிரம்பிப் படிக்கட்டெல்லாம் தண்ணீர். என் கணவர் நனைந்த காலோடு வந்து நின்றார். "யாரு மோட்டாரைப் போட்டுட்டு விட்டது?" போட்டது யாரென்று எனக்குத் தெரியும். "நான்தாங்க. மறந்தே போயிட்டேன்" என்றேன்.

"அவ இல்லடா, நான்தான்" என்றார் மாமனார், நாற்காலியில் சாய்ந்தபடியே. குரலில் துளி பயம் இல்லை. என் கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தண்ணீரைத் தள்ளப் போனார்.

அந்த ஸ்விட்ச் விஷயம் என் கணவருக்கு இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது. தெரியட்டும். பிலோமினாவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு பொய்தான். இந்த வீட்டில் இனி அதற்கு வேலை இல்லாமலே போனாலும், அதை நான் வைத்துக்கொள்வேன்.